புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் உள்ள ஊர். அங்கே பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. தங்கச் சுரங்க வேலைக்காக வந்த குடும்பங்கள் அவை. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. இப்போது பலர் நாள்தோறும் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

அந்த ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது 71. சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவருடைய மகள் பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறாள். மகன் பெங்களூரிலேயே தங்கி வேலை செய்கிறான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பெரியவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. பெங்களூரில் ஆபரேஷன் நடந்தது. புராஸ்டேட் சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். பெரியவர் தேறினார். நன்றாகச் சாப்பிடுகிறார். டீக்கடை வரை நடந்து போய் வருகிறார்.

ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருந்தார்கள். ரத்தம் எடுத்து பி.எஸ்.ஏ. என்னும் சோதனை செய்வார்கள். இந்த முறை போகும் நாள் வந்தது. பெரியவர் மறுத்தார்.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. எதுக்கு இன்னும் அலையணும்?" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் போன முறை வந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். "இதோ 0.15-னு போட்டிருக்கு. பக்கத்துலயே 4 வரைக்கும் சரின்னு அச்சடிச்சிருக்கு. அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லைம்மா" என்றார்.

மகளுக்கும் அது சரி என்றே பட்டது. ஒரு நாள் கூலி மிச்சம். ரயில் அலைச்சல் மிச்சம். போகாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

அவளிடம் ஒரு சின்ன நோட்டு இருந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் தேதியையும் எண்ணையும் எழுதி வைக்கும்படி நர்ஸ் சொல்லியிருந்தார். அதைத் திறந்து பார்த்தாள்.

ஆபரேஷன் முடிந்து 2 மாதம்: 0.1-க்குக் கீழ்
6 மாதம்: 0.1-க்குக் கீழ்
1 ஆண்டு: 0.1-க்குக் கீழ்
ஒன்றரை ஆண்டு: 0.1-க்குக் கீழ்
2 ஆண்டு: 0.10
இரண்டரை ஆண்டு: 0.15

எல்லாம் 4-க்குக் கீழேதான் இருக்கின்றன. ஆனால் கடைசி இரண்டு வரிகளும் ஏறியிருக்கின்றன. அது ஏன்?

மகள் அப்பாவிடம் வந்தாள். "அப்பா, இந்த ஒரு தடவை வாங்க. டாக்டர்கிட்ட ஒரு கேள்வி கேட்கணும்" என்றாள். பெரியவர் ஒப்புக்கொண்டார். மறுநாள் விடியற்காலையில் இருவரும் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினார்கள்.

பி.எஸ்.ஏ. என்றால் என்ன?

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிறது. சிறிய எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். விந்தில் கலக்கும் நீரின் ஒரு பகுதியை இது சுரக்கிறது. வயது ஏற ஏற இது பெரிதாகலாம். சிலருக்கு இதில் புற்றுநோய் வரலாம்.

இந்தச் சுரப்பி ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அதன் பெயர்தான் பி.எஸ்.ஏ. அதில் மிகச் சிறிய பங்கு ரத்தத்தில் கலக்கும். புராஸ்டேட்டில் உண்டான புற்றுநோய்ச் செல்களும் இதே புரதத்தை உண்டாக்கும். அந்தச் செல்கள் உடம்பில் வேறு இடத்துக்குப் போனாலும் இதை உண்டாக்கும்.

அதனால்தான் சிகிச்சைக்குப் பிறகு இந்தச் சோதனை பயன்படுகிறது. 1986-இல் அமெரிக்க அரசு இந்தச் சோதனைக்கு முதலில் அனுமதி தந்தது. நோய் வந்தவர்களைத் தொடர்ந்து கவனிக்கத்தான் அந்த அனுமதி. நோயைக் கண்டுபிடிக்கவும் உதவலாம் என்ற அனுமதி 1994-இல்தான் வந்தது.

பைசாக் கணக்கு

பி.எஸ்.ஏ. எண்ணில் புள்ளி வரும். புள்ளியைத் தவறவிட்டால் எல்லாமே தவறிப் போகும். இதை ரூபாய், பைசாவாக நினைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

4 என்பது 4 ரூபாய்.
0.4 என்பது 40 பைசா.
0.21 என்பது 21 பைசா.
0.1 என்பது 10 பைசா. 0.10 என்பதும் அதே 10 பைசாதான்.
0.05 என்பது 5 பைசா.

சில ரிப்போர்ட்டுகளில் எண்ணுக்கு முன்னால் ஒரு குறி இருக்கும். பறவையின் அலகு போல, இடப்பக்கம் கூர்மையாக இருக்கும். அதற்கு 'இதைவிடக் குறைவு' என்று பொருள். 0.1-க்கு முன்னால் அந்தக் குறி இருந்தால், பி.எஸ்.ஏ. 0.1-ஐ விடக் குறைவு என்று அறியலாம். ஆகவே நோட்டில் எழுதும்போது குறியையும் சேர்த்து எழுத வேண்டும்.

அச்சடித்த 4 யாருக்கு?

டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். மகள் தன் சந்தேகத்தைக் கேட்டாள்.

"4 வரைக்கும் சரின்னு போட்டிருக்கே டாக்டர்?"

"அது புராஸ்டேட் உள்ளவங்களுக்கு அம்மா. அப்பாவுக்குத்தான் அதை எடுத்துட்டோமே. கிணத்தை மூடின பிறகு அங்கே தண்ணி ஊறக் கூடாது இல்லையா? ஊறினா கொஞ்சமா இருந்தாலும் ஏன்னு பார்க்கணும்."

இதுதான் முக்கியமான செய்தி. ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் 0 முதல் 4 வரை என்ற அளவு எல்லோருக்கும் பொதுவாகப் போட்டது. சிகிச்சை முடிந்தவருக்கு அது பொருந்தாது. அவருக்கு அளவுகோல் வேறு. எந்தச் சிகிச்சை செய்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

சுரப்பியை எடுத்தவர்களுக்கு: ஆபரேஷன் முடிந்து ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பி.எஸ்.ஏ. கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்க வேண்டும். பிறகு அது 0.2-ஐத் தொட்டு, மறுபடி சோதித்தாலும் 0.2 அல்லது அதற்கு மேல் இருந்தால், நோய் திரும்புகிறது என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள்.

கதிர் சிகிச்சை மட்டும் செய்தவர்களுக்கு: இதைத்தான் மக்கள் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். இவர்களுக்குச் சுரப்பி உடம்பிலேயே இருக்கிறது. அதனால் பி.எஸ்.ஏ. மெதுவாகத்தான் இறங்கும். மிகக் குறைந்த அளவுக்கு வர ஒன்றரை இரண்டு ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். அந்த மிகக் குறைந்த எண்ணை நோட்டில் வட்டமிட்டு வைக்க வேண்டும். அதைவிட 2 கூடினால் நோய் திரும்புவதாகக் கணக்கு. உதாரணமாக, ஒருவருக்கு 0.5 வரை இறங்கியது என்றால், 2.5 வந்தால் கவனிக்க வேண்டும்.

கரண்ட் வைத்தவர்களில் சிலருக்கு முதல் சில ஆண்டுகளில் எண் கொஞ்சம் ஏறும். பிறகு தானாகவே இறங்கிவிடும். இது நோய் அல்ல. அதனால்தான் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து முடிவு செய்வதில்லை.

ஹார்மோன் சிகிச்சையில் உள்ளவர்களுக்கு: புராஸ்டேட் புற்றுநோய் வளர ஆண் ஹார்மோன் துணை செய்கிறது. ஹார்மோனைக் குறைத்தால் நோய் அடங்கும் என்பதை 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற டாக்டர் காட்டினார். அதற்காக அவருக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஊசி போட்டோ, விதைகளை எடுத்தோ ஹார்மோனைக் குறைப்பார்கள். அப்போது பி.எஸ்.ஏ. இறங்கும். ஊசி தவறாமல் போட்டும் எண் ஏறினால், மருந்தை மாற்றவோ கூட்டவோ வேண்டியிருக்கலாம். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

'இருபத்தொண்ணா?'

அன்று பெரியவருக்கு ரத்தம் எடுத்தார்கள். மாலையில் ரிசல்ட் வந்தது. 0.21.

மகள் தம்பிக்குப் போன் செய்தாள். ரயில் நிலையத்தில் ஒரே இரைச்சல். தம்பிக்குப் பாதிதான் கேட்டது. "என்னக்கா, இருபத்தொண்ணா?" என்று பதறினான்.

"இல்லடா. புள்ளி ரெண்டு ஒண்ணு. இருபத்தொரு பைசா" என்றாள் அக்கா.

தம்பிக்கு மூச்சு வந்தது. ஆனால் எண் ஏறியிருக்கிறது என்பதும் புரிந்தது. "அப்பாகிட்ட சொல்லாதே அக்கா. பயந்துடுவாரு" என்றான்.

மகள் பதில் சொல்லவில்லை. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ரயில் பங்காருப்பேட்டை தாண்டியது. பெரியவர் தானாகவே பேசினார்.

"ஏறியிருக்கா கண்ணு?"

மகளால் பொய் சொல்ல முடியவில்லை. "கொஞ்சம் ஏறியிருக்குப்பா" என்றாள்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சுரங்கத்துல கூரைப் பாறையைக் கம்பியால தட்டிப் பார்ப்போம். சத்தம் மாறினா முட்டுக் கொடுப்போம். தட்டிப் பார்க்காதவன்தான் மாட்டிக்குவான். என்கிட்ட மறைக்காதே. என் உடம்பு, நான்தானே முடிவு சொல்லணும்?"

ஏறும் வேகம் முக்கியம்

எண் ஏறினால் அடுத்த நாளே ஆபத்து என்று பொருள் இல்லை. 1999-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை டாக்டர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பி.எஸ்.ஏ. ஏறியவர்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். நோய் எலும்பு முதலிய இடங்களில் தென்பட எவ்வளவு காலம் ஆனது என்று பார்த்தார்கள். நடுத்தரமான காலம் சுமார் 8 ஆண்டுகள். சிலருக்கு அதைவிடக் குறைவு, சிலருக்கு அதைவிட அதிகம்.

ஆகவே அவசரப்பட்டுப் பதற வேண்டாம். ஆனால் சும்மாவும் இருக்கக் கூடாது. எண் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு 'இரட்டிப்புக் காலம்' என்று பெயர். எண் இரண்டு மடங்காக எத்தனை மாதம் ஆகிறது என்பதே அது.

பெரியவரின் நோட்டில் ஓர் ஆண்டில் 10 பைசா 21 பைசா ஆகியிருக்கிறது. அதாவது இரட்டிக்க ஏறக்குறைய ஓர் ஆண்டு. இது மிக வேகமாக ஏறும் வகை அல்ல. மூன்று மாதத்துக்குள்ளேயே இரட்டித்தால் நோய் வேகமாக ஓடுகிறது என்று பொருள். இந்தக் கணக்கைப் போட டாக்டருக்குப் பழைய எண்கள் எல்லாம் வேண்டும். ஒரு சோதனையை விட்டுவிட்டால் கணக்கில் ஒரு படி குறைந்துபோகும்.

மறுபடி ஏன் சோதிக்க வேண்டும்?

டாக்டர் உடனே சிகிச்சை தொடங்கவில்லை. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். அதற்குக் காரணங்கள் உண்டு.

ஒரு லேபில் உள்ள கருவிக்கும் இன்னொரு லேபில் உள்ள கருவிக்கும் சிறு வித்தியாசம் வரலாம். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் சோதிப்பது நல்லது.

சுரப்பி உடம்பில் உள்ளவர்களுக்கு மூத்திரத்தில் கிருமித் தொற்று இருந்தாலும் எண் ஏறும். தொற்று குணமானால் இறங்கும்.

புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் சில மாத்திரைகள் எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். எனவே சாப்பிடும் எல்லா மருந்தையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாட்டு மருந்தையும் மறைக்கக் கூடாது.

இந்தச் சோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை.

ஆறு வாரம் கழித்து வந்த எண் 0.23. இப்போது சந்தேகம் இல்லை. நோயின் சில செல்கள் எங்கோ மிச்சம் இருக்கின்றன.

அடுத்தது என்ன?

செல்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்க ஸ்கேன் எடுப்பார்கள். பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் என்ற ஒன்று இப்போது பெரிய நகரங்களில் உண்டு. பழைய ஸ்கேன்களைவிட இது சிறிய கட்டியையும் காட்டும். ஆனால் பி.எஸ்.ஏ. மிகக் குறைவாக இருக்கும்போது இதிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். பெரியவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

டாக்டர் பெரியவரையும் மகளையும் மகனையும் உட்கார வைத்துப் பேசினார். சுரப்பி இருந்த இடத்தில் கரண்ட் வைக்கலாம் என்றார். எண் 0.5-க்குக் கீழே இருக்கும்போதே வைத்தால் பலன் அதிகம் என்றார். நோயை முழுவதும் ஒழிக்க இது இரண்டாவது வாய்ப்பு. தொல்லைகளும் உண்டு. மூத்திரம் அடிக்கடி வரலாம். மலம் போகும்போது எரிச்சல் வரலாம். பெரும்பாலும் பிறகு குறையும். சிலருக்கு நீடிக்கும்.

எல்லோருக்கும் சிகிச்சை உடனே வேண்டியதில்லை. மிகவும் வயதானவர், வேறு நோய் உள்ளவர், எண் மிக மெதுவாக ஏறுபவர் ஆகியோருக்குக் கவனித்துக்கொண்டே இருப்பதும் ஒரு வழிதான். இதை டாக்டரும் நோயாளியும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்கப்பா" என்றான்.

"வைக்கச் சொல்லு" என்றார் பெரியவர்.

செலவுக்கு உதவி

இத்தகைய சிகிச்சைக்குப் பெங்களூரில் 1973-இல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை, மும்பையில் 1941 முதல் உள்ள டாடா நினைவு மருத்துவமனை போன்ற இடங்கள் உண்டு. ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018-இல் தொடங்கியது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். 2024 அக்டோபரில் இது 70 வயது நிறைந்த எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல் விரிவாக்கப்பட்டது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் 'ஆரோக்கிய மித்ரா' என்ற உதவியாளர் இருப்பார். எந்தச் செலவு இதில் அடங்கும், எது அடங்காது என்று அவரிடம் முதலிலேயே கேட்க வேண்டும்.

புற்றுநோயாளி சிகிச்சைக்கோ சோதனைக்கோ ரயிலில் போனால் கட்டணச் சலுகை உண்டு. துணைக்குப் போகும் ஒருவருக்கும் உண்டு. அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்க வேண்டும்.

பெரியவருக்குக் கரண்ட் வைத்து முடிந்தது. வாரத்தில் ஐந்து நாள் என்று சில வாரங்கள் ஆயின. அந்த நாட்களில் மகன் வீட்டில் தங்கினார். சோர்வு இருந்தது. இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். எண் இறங்குமா? இறங்கலாம், இறங்காமலும் போகலாம். அது போய்ப் பார்த்தால்தான் தெரியும். மகள் நோட்டில் அடுத்த தேதியை எழுதிவிட்டாள். அந்தத் தேதியை இந்த முறை பெரியவரே நினைவு வைத்திருக்கிறார்.

நினைவில் கொள்ளுங்கள்

1. உடம்பு நன்றாக இருந்தாலும் சொன்ன தேதியில் சோதனைக்குப் போக வேண்டும். தொல்லை தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எண் ஏறலாம்.
2. எண், புள்ளி, குறி, தேதி, லேபின் பெயர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள்.
3. ரிப்போர்ட்டில் அச்சடித்த அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "இவருக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?" என்று டாக்டரைக் கேளுங்கள்.
4. ஒரு முறை ஏறினால் பதறாதீர்கள். மறுபடி சோதியுங்கள்.
5. நோயாளியிடம் மறைக்காதீர்கள்.
6. புதிதாக முதுகுவலி வந்து விடாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கால் பலம் குறைந்தாலோ, மரத்துப் போனாலோ, மூத்திரம் அடைத்தாலோ, மலமும் மூத்திரமும் அடக்க முடியாமல் போனாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காத்திருந்தால் கால்கள் செயல் இழக்கலாம்.

சிந்தித்துப் பாருங்கள்

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் என்ன தவறு?
0.5, 0.05 இரண்டில் எது பெரியது?
ஒருவருக்குக் கரண்ட் வைத்த பிறகு எண் 0.8 வரை இறங்கியது. எந்த எண் வந்தால் கவனிக்க வேண்டும்?
பெரியவரிடம் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?